ஊரிலிருந்து உறவினர் சிங்கப்பூர் வருகிறார்களா? விசா, வருகை அட்டை, குடிநுழைவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்மா அப்பாவை இரண்டு வாரம் அழைத்து வைத்துக்கொள்ள நினைப்பவர்கள், தங்கையின் வளைகாப்புக்கு அத்தையை வரவழைப்பவர்கள், முதன்முறை சுற்றிப் பார்க்க வருபவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. பெரும்பாலும் இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். மற்றவர்களுக்கு விதி மாறும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

யாருக்கு விசா வேண்டும், யாருக்கு வேண்டாம்?

எந்த ஊரில் வசிக்கிறார் என்பது கணக்கில் வராது. கையில் எந்த நாட்டுக் கடப்பிதழ் இருக்கிறது என்பதே கணக்கு. இந்தியக் கடப்பிதழுக்கு விசா கட்டாயம். துபாயில் இருபது வருடம் வேலை பார்த்தவரும் இதில் அடக்கம். இலங்கை, மலேசியக் கடப்பிதழ்களுக்குக் குறுகிய வருகைக்கு விசா தேவையில்லை. அமெரிக்க, பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர்களுக்கும் தேவையில்லை. ஆனால் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டை, கடப்பிதழுக்கு ஆறு மாதச் செல்லுபடி போன்ற மற்ற விதிகள் இவர்கள் எல்லாருக்கும் உண்டு.

கைக்குழந்தைக்கும் தனிக் கடப்பிதழ், தனி விசா. அம்மாவின் விசாவில் குழந்தை ஒட்டிக்கொண்டு வர முடியாது.

விசா கிடைத்துவிட்டால் முப்பது நாள் தங்கலாம் என்பது உறுதிதானே?

இல்லை. இங்கேதான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். விசா என்பது சிங்கப்பூர் வாசல்வரை வருவதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை முடிவு செய்வது, இறங்கிய பிறகு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் கொடுக்கும் குறுகியகால வருகை அனுமதி. விசாவில் 'பலமுறை நுழைவு' என்று இருக்கலாம், செல்லுபடி பல மாதமும் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் தங்கும் காலம் தனியாகத்தான் தரப்படும். இந்தியர்களுக்குப் பொதுவாக 30 நாள்வரை தருகிறார்கள், குறைவாகவும் தரலாம்.

இப்போது கடப்பிதழில் முத்திரை குத்துவதில்லை. மின்வருகை அனுமதி மின்னஞ்சலில் வரும். கடைசி நாள் எது என்று அதில் தேதியாகவே இருக்கும். வருகை அட்டையில் கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்குத்தான் அது போகும். ஊரில் பயண முகவர் தன் மின்னஞ்சலைப் போட்டு அட்டையை நிரப்பிவிட்டால், அனுமதி அவர் பெட்டியில் கிடக்கும். அப்பாவுக்கு எத்தனை நாள் கொடுத்தார்கள் என்றே உங்களுக்குத் தெரியாது. உங்கள் மின்னஞ்சலைப் போடச் சொல்லுங்கள். தவறிப்போனாலும் ஆணையத்தின் இணையத்தளத்தில் கடப்பிதழ் விவரத்தைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

எப்படி விண்ணப்பிப்பது?

வழி இரண்டு.

முதல் வழி, இந்தியாவில் சிங்கப்பூர்த் தூதரகங்கள் அங்கீகரித்த விசா முகவர்கள். தமிழ்நாட்டுக்காரர்களுக்குச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தின் பட்டியலில் உள்ளவர்கள். 'அங்கீகரித்த' என்பதைக் கவனியுங்கள்: தெருமுனை டிராவல்ஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்காது. பல கடைகள் தாளை வாங்கி, பட்டியலில் உள்ள வேறொருவரிடம் கொடுத்து, நடுவில் ஒரு கட்டணம் எடுத்துக்கொள்ளும். அதில் குற்றம் இல்லை, ஆனால் தவறு நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பது தெரியாமல் போகும்.

இரண்டாம் வழி, இங்கே இருக்கும் உறவினர் ஆணையத்தின் இணையச் சேவையில் சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னியல் அடையாளக் கணக்கு) மூலம் நுழைந்து விண்ணப்பிப்பது. இவரை 'உள்ளூர்த் தொடர்பாளர்' என்பார்கள். இதற்கு இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்: சிங்கப்பூர்க் குடியுரிமை அல்லது நிரந்தரவாசத் தகுதியும் வேண்டும், 21 வயதும் வேண்டும். தொழில் சார்ந்த வருகை என்றால் இங்கே பதிவுபெற்ற நிறுவனம் அழைக்க வேண்டும். உறவினர் குடிமகனாக இருந்தும் முகவர் வழியே போகிறீர்கள் என்றால் வி39ஏ எனும் அறிமுகக் கடிதத்தை அவர் நிரப்பித் தரலாம்.

எங்கள் கருத்து: இங்கே குடிமகனோ நிரந்தரவாசியோ உறவில் இருந்தால் இரண்டாம் வழியே மேல். செலவு குறையும், விவரங்கள் உங்கள் கண்ணெதிரே இருக்கும், முடிவும் நேராக உங்களுக்கே வரும். ஆனால் உள்ளூர்த் தொடர்பாளர் என்பது வெறும் பெயர் கொடுக்கும் வேலை இல்லை. அழைத்தவர் இங்கே விதியை மீறினால் கேள்வி உங்களிடமும் வரும். சரியாகத் தெரியாத ஒருவருக்கு 'ஊர்க்காரப் பையன்' என்ற ஒரே காரணத்துக்காகச் சிங்பாஸைத் திறக்காதீர்கள்.

என்னென்ன தாள்கள் வேண்டும்?

14ஏ எனும் விசா விண்ணப்பப் படிவம், கடப்பிதழின் விவரப் பக்கத்தின் நகல், ஒரு வண்ணப் புகைப்படம் ஆகிய மூன்றும் அடிப்படை. சிங்கப்பூரில் இறங்கும் நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் கடப்பிதழ் செல்ல வேண்டும். ஐந்து மாதம் இருபது நாள் இருந்தால் முதலில் கடப்பிதழைப் புதுப்பியுங்கள், பிறகு விசா. விசா கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டது. வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும். முகவர்கள் இவற்றோடு போகவர விமானச்சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையிடக் கடிதம் எல்லாம் கேட்பார்கள். கேட்டதைக் கொடுத்துவிடுவதே நல்லது.

புகைப்படம் அதிகம் திரும்பி வரும் இடம். அகலம் 35 மில்லிமீட்டர், உயரம் 45 மில்லிமீட்டர், வெள்ளைப் பின்னணி, கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்தது. முகவாய்முதல் உச்சந்தலைவரை 25 முதல் 35 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஊர் ஸ்டூடியோவில் 'பாஸ்போர்ட் சைஸ்' என்று கேட்டால் நீலப் பின்னணியில் எடுத்துத் தர வாய்ப்பு உண்டு; அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வெள்ளை வேட்டி சட்டையோடு எடுத்தால் தோள் பின்னணியோடு கரைந்துவிடும். அப்பாவை வண்ணச் சட்டை போடச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பாவுக்குக் குடும்பப் பெயர் என்று எதுவும் இல்லை. படிவத்தில் எப்படி எழுதுவது?

கடப்பிதழில் இருப்பது எப்படியோ, அப்படியே. தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. ஒருவருக்குக் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். இன்னொருவருக்கு அப்பா பெயர் அங்கே உட்கார்ந்திருக்கும். மூன்றாமவருக்கு முதலெழுத்து விரியாமல் ஒற்றை எழுத்தாகவே நிற்கும். ஆதாரில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று, கடப்பிதழில் ஒன்று இருந்தால், இங்கே செல்லுவது கடப்பிதழில் உள்ளது மட்டுமே.

கடப்பிதழ் விவரப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான். விசா, விமானச்சீட்டு, வருகை அட்டை மூன்றிலும் பெயர் அதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் விமானச்சீட்டு எடுக்கும் தளம் ஒத்துக்கொள்ளாது. அந்தந்த விமான நிறுவனம் சொல்லும் முறைப்படி நிரப்ப வேண்டும், சிலவற்றில் இட்ட பெயரையே இருமுறை எழுதச் சொல்வார்கள். விமானச்சீட்டில் இந்த ஏற்பாடு பரவாயில்லை. விசாவிலும் வருகை அட்டையிலும் இதைச் செய்யாதீர்கள்.

பெயரைவிட ஆபத்தானது கடப்பிதழ் எண். சுழியத்தையும் ஓ எழுத்தையும் மாற்றி அடித்தால், விசா வேறொரு கடப்பிதழுக்கு வழங்கப்பட்டதாகவே கணினி எடுத்துக்கொள்ளும்.

கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளாகும், எப்போது போடுவது?

விண்ணப்பக் கட்டணம் 30 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நிராகரித்தாலும் திரும்பாது. முகவர் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்குவார். விண்ணப்பித்த நாளைச் சேர்க்காமல் மூன்று வேலை நாளில் பெரும்பாலானவை முடிந்துவிடும், ஆனால் எல்லாமும் அல்ல. வருகை நாளுக்கு முந்தைய 30 நாளுக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். மூன்று, நான்கு வாரம் முன்பே போட்டுவிடுவது நிம்மதி. தீபாவளி, பொங்கல், ஜூன் பள்ளி விடுமுறைச் சமயத்தில் கடைசி வாரம்வரை காத்திருப்பது வீண் பதற்றம்.

நிராகரித்துவிட்டார்கள். காரணம் சொல்ல மாட்டார்களா?

மாட்டார்கள். மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதே தாள்களை மறுநாளே அப்படியே அனுப்பினால் 30 வெள்ளிதான் போகும். முதலில் எது மாறியது என்று கேட்டுக்கொள்ளுங்கள்: உள்ளூர்த் தொடர்பாளர் இல்லாமல் போட்டிருந்தால் இப்போது ஒருவரைச் சேர்க்க முடியுமா? வருகை நோக்கம் மங்கலாக இருந்ததா? பழைய பயணத்தில் அதிக நாள் தங்கிய பதிவு இருக்கிறதா? 'ஆள் வைத்து முடித்துத் தருகிறேன்' என்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஆணையத்துக்குள் அப்படி ஆள் கிடையாது.

வருகை அட்டை என்கிறார்களே, அது விசாவா?

விசா வேறு, அது வேறு. விசா தேவைப்படாத மலேசியரும் இலங்கையரும்கூட அதை நிரப்ப வேண்டும். சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், ஆணையத்தின் இணையத்தளத்திலோ அதன் கைப்பேசிச் செயலியிலோ நிரப்பலாம். 10ஆம் தேதி இறங்கினால் 8ஆம் தேதிமுதல் போடலாம். உடல்நல அறிவிப்பும் அதற்குள்ளேயே வருகிறது. நள்ளிரவு விமானத்தில் கவனம்: புறப்படும் தேதியைப் போடக்கூடாது, இறங்கும் தேதியைப் போட வேண்டும்.

இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் தளம் கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் இல்லை. காசு போவதோடு, அம்மாவின் கடப்பிதழ் விவரமும் யாரோ ஒருவர் கைக்குப் போய்விடும்.

தங்கும் முகவரிக்கு ஆறு இலக்க அஞ்சல் குறியீடு, புளோக் எண், மாடி, வீட்டு எண் எல்லாம் வேண்டும். 'தம்பி வீடு, ஈசூன்' என்று எழுத இடமில்லை. இந்த விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்துவிடுங்கள். தாளிலும் எழுதி அப்பா சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். இறங்கியதும் கைப்பேசிக்கு இணைப்பு கிடைக்காமல் தவிப்பவர்கள் நிறையப் பேர்.

விமானத்தில் ஏறவே விடாமல் தடுப்பார்களா?

தடுப்பார்கள். 2026 ஜனவரி 30 முதல், நுழைவுத் தகுதி இல்லாதவரை ஏற்ற வேண்டாம் என்று ஆணையம் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே உத்தரவு அனுப்புகிறது. தேவையான விசா இல்லாமை, கடப்பிதழ் ஆறு மாதத்துக்குக் குறைவாக இருப்பது போன்றவை இதில் வரும். முன்பு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கித் திருப்பி அனுப்பப்பட்ட நிலை, இப்போது சென்னையிலோ திருச்சியிலோ முடிந்துவிடும். ஒருவிதத்தில் அது நல்லதுதான்.

குடிநுழைவு முகப்பில் என்ன கேட்பார்கள்?

சாங்கியில் இப்போது வெளிநாட்டு வருகையாளர்களும் தானியங்கி வாயில்களைப் பயன்படுத்தலாம். வாயில் திறக்காவிட்டால் பதற வேண்டாம், அதிகாரியிடம் போகச் சொல்வார்கள். யார் வீட்டில் தங்குகிறீர்கள், எத்தனை நாள், என்ன வேலையாக வந்தீர்கள், திரும்பும் சீட்டு எங்கே, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பவைதான் கேள்விகள். சுருக்கமாக, உண்மையாகச் சொன்னால் போதும். சிக்கல் வருவது பதில்கள் ஒன்றோடொன்று முட்டும்போது: அட்டையில் ஓட்டல் முகவரி, பேச்சில் 'மகள் வீடு', சீட்டில் ஏழு நாள், பேச்சில் 'ஒரு மாதம்'. வயதானவர்களுக்கு ஆங்கிலம் வராது என்று கவலைப்படாதீர்கள். தமிழ் இங்கே ஆட்சிமொழி, தமிழ் தெரிந்தவரை அழைக்கக் கேட்கலாம்.

ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடு ஒன்றிலிருந்து வருபவர் தடுப்பூசிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

நடுவில் மலேசியாவின் ஜோகூருக்கோ இந்தோனேசியாவின் பாத்தாமுக்கோ போய் வரலாமா?

விசா 'ஒருமுறை நுழைவு' என்றால் போனவர் திரும்ப முடியாது. உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டிய கணம் அந்த விசா தீர்ந்தது. பலமுறை நுழைவு என்று தெளிவாக இருந்தால் மட்டுமே போங்கள். திரும்பும்போது புதிதாக வருகை அட்டை நிரப்ப வேண்டும். புது அனுமதியும் புது நாள் கணக்கும் வரும். 'ஜோகூர் போய்விட்டு வந்தால் இன்னும் முப்பது நாள் கிடைக்கும்' என்று அறிவுரை சொல்பவர்களை நம்பாதீர்கள். தங்கும் காலத்தை நீட்டிக்கும் தந்திரம் என்று அதிகாரி நினைத்தால் குறைத்துத் தரவோ மறுக்கவோ செய்யலாம். இந்தியர்களுக்கு மலேசியா 2026 டிசம்பர் 31வரை 30 நாள் விசா விலக்கு அளித்திருக்கிறது. ஆனாலும் மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைத் தனியாக நிரப்ப வேண்டும்.

ஆஸ்திரேலியா போகும் வழியில் ஓரிரு நாள் இறங்கலாமா?

இந்தியக் கடப்பிதழ்காரர்களுக்கு 96 மணிநேர விசா இல்லா இடைவழி வசதி உண்டு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், கனடா, ஜப்பான், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ வேண்டும். அது சிங்கப்பூரில் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் செல்ல வேண்டும். 96 மணிநேரத்துக்குள் வெளியேறும் உறுதிசெய்த சீட்டும் வேண்டும். வெளியேறுவது வானிலோ கடலிலோ இருக்க வேண்டும், பேருந்தில் ஜோகூர் போவது சேராது. இந்த வசதியைத் தருவதும் மறுப்பதும் முகப்பு அதிகாரியின் முடிவு. பெற்றோரை முதன்முறை தனியே அனுப்புகிறீர்கள் என்றால், 30 வெள்ளி கட்டி விசாவே எடுத்துவிடுங்கள்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறினால் விசா வேண்டாம். ஆனால் இரண்டு தனிச் சீட்டுகளாக வாங்கி, பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருந்தால் குடிநுழைவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மலிவு விமானச் சீட்டு எடுப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் நாள் வாடகைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அறை கிடைக்கிறதாம். எடுக்கலாமா?

கூடாது. வீவக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கும், தனியார் வீட்டை மூன்று மாதத்துக்கும் வாடகைக்கு விடலாமே தவிர, அதற்குக் குறைவாக விடக்கூடாது. சொந்தக்காரர் வீட்டில் காசு வாங்காமல் தங்கவைப்பது வேறு விஷயம், அதில் தடையில்லை. இல்லையென்றால் உரிமம் பெற்ற ஓட்டல், விடுதி.

காலத்தை நீட்டிக்க முடியுமா? ஓரிரு நாள் கூடிப்போனால்?

நீட்டிப்புக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கடைசி நாள்வரை காத்திருந்தால், மறுத்துவிட்டால் அன்றே சீட்டு தேட வேண்டிவரும். மருத்துவமனையில் சேர்ந்திருந்தால் மருத்துவர் கடிதத்தோடு உடனே விண்ணப்பியுங்கள்.

அனுமதி முடிந்தும் இருப்பது குற்றம். 90 நாள்வரை கூடுதலாக இருந்தால் 4,000 வெள்ளிவரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். 90 நாளைத் தாண்டினால் ஆறு மாதம்வரை சிறையும் ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. பிரம்படி பெற முடியாதவருக்கு அதற்குப் பதில் 6,000 வெள்ளிவரை அபராதம். தெரிந்தே வீட்டில் வைத்திருப்பவருக்கும் ஆறு மாதம்முதல் இரண்டு ஆண்டுவரை சிறை காத்திருக்கிறது.

சுற்றுலா விசாவில் வந்து வேலை தேடலாமா?

நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். வேலை செய்யக்கூடாது. ஒரு நாள் கடையில் உதவி, வார இறுதியில் உணவகத்தில் பாத்திரம் கழுவுதல், 'டிரையல் பார்க்கிறேன்' என்று தட்டைத் தூக்குவது எல்லாமே வேலைதான். அனுமதியின்றி வேலை செய்தால் 20,000 வெள்ளிவரை அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும். 'விசிட்டில் வாருங்கள், இங்கே மாற்றித் தருகிறேன்' என்று ஊரில் லட்சக்கணக்கில் வாங்கும் முகவரை அப்படியே விட்டு விலகுங்கள். விண்ணப்பிக்க வேண்டியது இங்குள்ள முதலாளி. மனிதவள அமைச்சின் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் வந்த பிறகே புறப்பட வேண்டும். அந்தக் கடிதமே உள்ளே வருவதற்கான விசாவாகவும் ஆகும். கடித எண்ணை அமைச்சின் தளத்தில் சரிபார்க்கலாம்.

கோயிலில் சொற்பொழிவுக்கு ஒருவரை அழைக்கிறோம். சுற்றுலா விசா போதுமா?

போதாது, சம்பளம் தராவிட்டாலும் போதாது. சமயம், இனம், சமூகம், அரசியல் சார்ந்த நிகழ்ச்சியில் பேசுபவருக்கும் நெறிப்படுத்துபவருக்கும் மனிதவள அமைச்சின் பல்வகை வேலை அனுமதி வேண்டும். அழைக்கும் அமைப்பு விண்ணப்பிக்க வேண்டும். அதிகபட்சம் 60 நாள். நோட்டீஸ் அச்சடிப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பெட்டியில் என்ன இருக்கக்கூடாது?

கசகசா. குருமாவுக்கு அம்மா ஆசையாக எடுத்து வைப்பார். இங்கே அது போதைப்பொருள் தடுப்பு விதிகளுக்குள் வருகிறது. வேண்டாம். இறைச்சியை அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டுமே கொண்டுவரலாம், ஆகவே உப்புக்கண்டமும் வேண்டாம். முறுக்கு, அதிரசம், பருப்புப்பொடி, மாங்காய் ஊறுகாய் வீட்டுக்கு வேண்டிய அளவு என்றால் தொல்லையில்லை.

சிகரெட்டுக்கு வரிவிலக்கே கிடையாது, ஒரு பெட்டி ஆனாலும் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய் அறிவிக்க வேண்டும். மின்சிகரெட்டும் சூயிங்கமும் தடை. மதுவில் இரண்டு லிட்டர் விலக்கு உண்டு: 18 வயதும், 48 மணிநேரம் வெளிநாட்டில் இருந்ததும் நிபந்தனை, மலேசியாவிலிருந்து வருபவருக்கு இல்லை.

மாத்திரை மூன்று மாதத்துக்கானது கொண்டுவரலாம், மருத்துவர் சீட்டோடு. கோடீன் கலந்த இருமல் மருந்து, டயசிபாம், டிரமடால் போன்றவற்றுக்குச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் ஒப்புதல் தேவைப்படலாம். தூக்க மாத்திரை போடும் பெற்றோரிடம் பெயரைக் கேட்டுச் சரிபாருங்கள்.

அணிந்து பழகிய நகைக்கு வரி இல்லை. புது நகையும் பரிசுப் பொருளும் சேர்ந்து 500 வெள்ளியைத் தாண்டினால் 9% பொருள் சேவை வரி கட்ட வேண்டும். ரொக்கம் 20,000 வெள்ளி மதிப்பைத் தாண்டினால் அறிவிப்பு கட்டாயம். மற்றவர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். போதைப்பொருள் கடத்தலுக்கு இங்கே மரண தண்டனைவரை உண்டு, 'உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது' என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெட்டிக்காரர் தலையில்தான் விழும்.

பெற்றோரை நீண்ட காலம் வைத்துக்கொள்ள வழி இல்லையா?

எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் எனும் வேலை அனுமதிகளில் இருப்பவரின் நிலையான மாதச் சம்பளம் 12,000 வெள்ளி அல்லது அதற்கு மேல் இருந்தால், நிறுவனத்தின் மூலம் பெற்றோருக்கு நீண்டகால வருகை அனுமதி கேட்கலாம். மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 6,000 வெள்ளி போதும். வொர்க் பெர்மிட்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. சம்பளம் எட்டாதவர்கள் 30 நாள் வருகைகளாகத்தான் திட்டமிட வேண்டும். இரண்டு வருகைக்கு நடுவே தாராளமாக இடைவெளி விடுங்கள்.